மாவு நித்திரை கொள்ளுது, மெல்லக் கதையுங்கோ

"தெரியாது" என்ற சொல்லை ஒருமுறைகூட வாயால் சொல்லாமல் ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவரோடு பலெர்மோவில் ஒரே வீட்டில், ஒரே குசினியில், ஒரே பிரிட்ஜைப் பங்கு போட்டுக்கொண்டு வாழ்ந்தவன் நான். ஆகவே நான் சொல்வதை நீங்கள் நம்பலாம். அவர் சொல்வதைத்தான் நம்பக்கூடாது.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு மட்டுமல்ல, எங்கள் தெருவில் யாருக்குமே தெரியாது. இத்தாலியர்கள் எதைச் சொன்னாலும் அவர் "லோ சோ" என்பார். "எனக்குத் தெரியும்" என்பதை அந்த மொழியில் அப்படிச் சொல்வார்கள். மழை வரப்போகிறது என்றால் லோ சோ. மீன் நேற்றையது என்றால் லோ சோ. "உங்கள் சப்பாத்துக் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது" என்றால் அதற்கும் லோ சோ. ஆனால் குனிந்து கட்டமாட்டார். கட்டினால் அதுவரை தெரியாமல் இருந்ததாக ஆகிவிடுமே. கயிறு இழுபட இழுபடச் சந்தை முழுக்க நடந்து போவார்.

கேட்டுக் கேட்டு, போர்கோ வெக்கியோச் சந்தைக்காரர் அதுதான் அவருடைய பெயர் என்று முடிவு செய்துவிட்டார்கள். "சிஞ்ஞோர் லோசோ, இன்றைக்குக் கத்தரிக்காய் நல்லது" என்று கூப்பிடுவார்கள். புதிதாக வந்த எங்கள் பெடியள் அது லோசன் என்ற பெயரின் செல்லச் சுருக்கம் என்று நினைத்தார்கள். ஒரு பூசையில் அர்ச்சனைக்குப் பெயர் கேட்ட ஐயரிடம் யாரோ லோசநாதன் என்று சொல்லிவிட, அந்தப் பெயருக்கே அர்ச்சனையும் நடந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. "ஏன் அண்ணை, சரியான பெயரைச் சொல்லியிருக்கலாமே" என்று கேட்டேன்.

"சுவாமிக்குத் தெரியும்தானே, தம்பி" என்றார். இவருக்கு மட்டுமல்ல, சுவாமிக்கும் தெரியும்.

ஒருமுறை பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, புதுப்பிக்கப் பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவுக்கு ஒன்றாகப் போனோம். நான் போய்ச் சரியான வரிசையைத் தேடிக்கொண்டிருக்க, இவர் கண்ணுக்கு முன்னால் தெரிந்த வரிசையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றுவிட்டார். ஓர் அதிகாரி வந்து, "ஐயா, இது கடவுச்சீட்டு எடுக்கிற இத்தாலியர்களுக்கான வரிசை, தெரியுமா?" என்று கேட்டார்.

"லோ சோ."

"அப்படியென்றால் ஏன் இதில் நிற்கிறீர்கள்?"

"லோ சோ."

அந்த மனிதர் கொஞ்ச நேரம் இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு ஞானியை அழைத்துப் போவதுபோலக் கையைப் பிடித்துச் சரியான வரிசையின் முன்பகுதியில் கொண்டுபோய் விட்டார். வாயால் கேட்டு விசாரித்துப் போன நான் பின்னால் மத்தியானம்வரை நின்றேன்.

அந்த நாட்களில் நான் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் படிக்கட்டுக் கழுவுகிற வேலை செய்துகொண்டிருந்தேன். அதன் மூன்றாம் மாடியில் சிஞ்ஞோரா எஸ்தர் தனியாக இருந்தார். யூத அம்மா. பிறந்தது வடக்கே திரியெஸ்தே நகரத்தில். இந்த ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு வந்தவர். கணவர் காலமாகிப் பல வருடம். கைவிரல்களில் மூட்டுவாதம். போத்தல் மூடி திறக்கவேண்டுமென்றால் கதவைத் திறந்து என்னைத்தான் கூப்பிடுவார். ஒருநாள், "பகலில் வீட்டில் நின்று உதவ, சமைக்கத் தெரிந்த ஒரு நல்ல மனிதர் இருக்கிறாரா?" என்று கேட்டார். நல்ல மனிதர் என்ற பகுதி மட்டும் என் காதில் விழுந்தது. லோசோ அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனேன்.

இருவருக்கும் முதல்நாளே பிடித்துப்போனது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வது சிஞ்ஞோராவின் பழக்கம். முதல்தடவை கேட்கும்போதே தெரியும் என்பது இவருடைய பழக்கம். பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த கலியாணங்களில்கூட இப்படி அமைவதில்லை. காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வருவார். வரும்போது திரியெஸ்தே நகரத்தைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுப்பார். தான் அங்கே பிறந்து வளர்ந்ததுபோல.

பிரச்சினை வந்தது அந்தத் திரியெஸ்தேயிலிருந்துதான். சிஞ்ஞோராவுக்கு ராக்கேல் என்று ஓர் அக்கா. வெள்ளிக்கிழமை தவறாமல் போன் எடுப்பார். எடுத்து ஒரே கதைதான்: தனியாக இருக்கிறாய், கையும் வழங்காது, வீட்டை வித்துப்போட்டு இஞ்சை வந்துவிடு. சிஞ்ஞோராவுக்குத் தன் வீட்டையும் கடல்காற்று வருகிற தன் பல்கனியையும் விட்டுப் போக மனமில்லை. ஒரு வெள்ளிக்கிழமை கோபத்தில் சொல்லிவிட்டார்: "என்ரை கைக்கு ஒண்டும் இல்லை. கிழமைக்குக் கிழமை ருகெலாக் சுடுறன்."

(சிஞ்ஞோராக்கள் பேசியது இத்தாலியம். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும். விழுந்தபடியே எழுதுகிறேன்.)

"அப்பிடியோ" என்றாராம் அக்கா. "அடுத்த மாதம் வாறன். வந்து சாப்பிட்டுப் பாக்கிறன்."

நான் வாசலில் படி துடைத்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. போனை வைத்த சிஞ்ஞோரா, வெளிறிய முகத்தோடு லோசோ அண்ணையைப் பார்த்து, "உங்களுக்கு ருகெலாக் தெரியுமோ? சுருட்டின பலகாரம், உள்ளே வால்நட் வைப்பது" என்று கேட்டார்.

"லோ சோ."

என் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. எனக்குத் தெரியும், இவருக்கு அரிசியை உலையில் போடுவதே சந்தேகம். ஆனால் அக்கா வந்து தங்கையை அள்ளிக்கொண்டு போனால் வேலை ஒப்பந்தம் போகும். ஒப்பந்தம் போனால் பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க ஏலாது. ஊரில் இவருடைய மகள் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக் கழற்றாமலே எங்களைக் கூப்பிட்டு இருத்தினார். எங்களை என்றால் என்னையும், என்னோடு அறையில் இருந்த மன்னார் அந்தோனியையும். அந்தோனிக்குச் சியாகுல்லியில் மண்டரின் தோட்டத்தில் வேலை.

"ருகெலாக் எண்டால் என்ன எண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்றார் லோசோ அண்ணை. "ஆர் சரியாச் சொல்லுறீங்கள் எண்டு பாக்கிறன்."

"உங்களுக்குத் தெரியாதோ அண்ணை?" என்றேன்.

"எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமோ எண்டுதான் கேக்கிறன்."

அந்தோனி கொஞ்சம் யோசித்தான். "அது இலை அண்ணை. ருக்கொலா. கீழை சந்தையிலை கட்டுக் கட்டாக் கிடக்குது. சலாட்டுக்குப் போடுறவங்கள்."

"பாத்தியே" என்றார் லோசோ அண்ணை என் பக்கம் திரும்பி. "பெடியனுக்கு விசயம் தெரியுது."

நான் போனில் தேடிப் பார்க்கலாம் என்றேன். தெரிந்த விசயத்துக்கு எதற்குப் போன் என்று கையை அமர்த்திவிட்டார். சிஞ்ஞோரா சொன்னது சுருட்டினது, உள்ளே வால்நட். அந்தோனி சொன்னது இலை. சுருட்டுவது என்றால் இந்த உலகத்தில் ஒன்றுதான் உண்டு: எங்கள் ரோல்ஸ். ஆக மொத்தம், ருக்கொலாக் கீரையும் வால்நட்டும் உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் மிளகும் போட்டு வதக்கி, அதை ரொட்டி மாதிரி மெல்லிய தட்டையில் வைத்துச் சுருட்டி, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் பிரட்டி, கொதிக்கிற எண்ணெயில் பொரித்தார். உண்மையைச் சொல்கிறேன், எப்படியோ அது மோசமில்லை. நானும் அந்தோனியும் நன்றாகச் சாப்பிட்டோம். ஆனால் அது ருகெலாக் இல்லை.

சிஞ்ஞோரா ஒன்றை எடுத்துக் கடித்தாராம். கண்ணில் நீர் வந்ததாம். தண்ணீர் குடித்துவிட்டு மரியாதையாகச் சொன்னாராம்: "ருசியா இருக்குது, லோசோ. ஆனால் இது வேறை ஏதோ."

"லோ சோ" என்றிருக்கிறார் இவர்.

சிஞ்ஞோரா பொறுமைசாலி. கதிரையில் இருந்துகொண்டு ஆரம்பத்திலிருந்து சொன்னார். வெண்ணெய், வெள்ளைப் பாலாடைக்கட்டி, மா, ஒரு சிட்டிகை உப்பு. குழைத்து உருட்டிக் குளிரில் வைத்து மாவுக்கு நல்ல ஓய்வு கொடுக்கவேண்டும். பிறகு வட்டமாகத் தட்டி, அப்ரிகொட் ஜாம் பூசி, சீனியும் கறுவாத்தூளும் கலந்த வால்நட் தூளைத் தூவி, பீட்ஸா வெட்டுவதுபோல முக்கோணமாக வெட்டி, அகலப் பக்கத்திலிருந்து நுனியை நோக்கிச் சுருட்டவேண்டும். நுனி அடியில் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஓவனில் விரிந்துவிடும். கடைசியாக ஒன்று: இது பால் சேர்ந்த பண்டம், இறைச்சி பட்ட பாத்திரத்தில் செய்யக்கூடாது. பாலும் இறைச்சியும் சேரக்கூடாது என்பது அவர்களுடைய முறை.

இத்தனைக்கும் இவர் லோ சோ, லோ சோ என்று தலையாட்டிக்கொண்டு நின்றார். சிஞ்ஞோராவின் முன்னால் பழகிப் பார்த்தால் தெரியாது என்பது தெரிந்துவிடும் என்று, பழகுவதற்கு எங்கள் வீட்டுக் குசினியைத் தேர்ந்தெடுத்தார். எங்களுடைய கஷ்டகாலம் அங்கே ஆரம்பித்தது.

"விரதச் சட்டி மாதிரித்தான்" என்றார். "ஊரிலை வெள்ளிக்கிழமைக்கு வேறை சட்டி வைச்சிருப்பினம்தானே. அவையளும் எங்கடை ஆக்கள் மாதிரித்தான்."

இந்த ஒன்றை அவர் சரியாகவே விளங்கியிருந்தார். விளங்கியதை எங்கே நிறுத்துவது என்பதுதான் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஆசையாக வைத்த ஆட்டிறைச்சிக் கறியைச் சட்டியோடு தூக்கிப் பல்கனியில் வைத்தார். பிரிட்ஜிலிருந்த மீன், முட்டை, அந்தோனியின் பியர் எல்லாம் வெளியே வந்தன. "பியர் என்ன இறைச்சியோ?" என்று அந்தோனி கேட்டான். மாவுக்கு வாசம் பிடிக்காது என்று பதில் வந்தது. மாவு உருண்டையை ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி நடுத்தட்டில் தனியே கிடத்தினார். கதவை மெல்லச் சாத்தினார். எங்கள் பக்கம் திரும்பி உதட்டில் விரலை வைத்தார்.

"மாவு நித்திரை கொள்ளுது. மெல்லக் கதையுங்கோ."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சிஞ்ஞோரா ஓய்வு கொடுக்கச் சொன்னார். ஓய்வு என்றால் சத்தமில்லாமல்தானே. டிவியை நிறுத்தினார். யன்னல்களைச் சாத்தினார். நாங்கள் வெறுங்காலோடு பூனைபோல நடந்தோம். அந்தோனி மத்தியானத் தூக்கத்தில் குறட்டை விட, அவனைத் தட்டி எழுப்பி, "டேய், எழும்பு, மாவு முழிச்சிடும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து மாமி போன் எடுத்தார். என் மனைவி அப்போது இன்னும் விசாவுக்காக ஊரில் தாயோடு இருந்தாள். நான் சுவரோடு ஒட்டி நின்று குசுகுசுத்தேன்.

"என்ன தம்பி, குரல் அடைச்சுப்போய்க் கிடக்கு?"

"ஒண்டும் இல்லை மாமி. சத்தமாக் கதைக்க ஏலாது."

"ஏன், ஆரும் பக்கத்திலையோ?"

"ஓம். நித்திரை."

"ஆர்?"

மாவு என்று நான் எப்படிச் சொல்வது? "வெள்ளைத் துணியாலை சுத்திக் கிடத்தியிருக்கு" என்பதுதான் வாயில் வந்தது. அது போதுமாக இருந்தது. மறுமுனையில் மாமி பெருமூச்சு விட்டார். "விளங்குது தம்பி. மனதைத் தேத்திக்கொள்ளுங்கோ" என்று வைத்துவிட்டார். அரைமணி நேரத்துக்குள் ரொறொன்ரோவிலிருந்து என் மச்சான் எடுத்தான், யாருடைய செத்தவீடு என்று. பிறகு பாரிஸிலிருந்து ஒருவர் அழுதுகொண்டே எடுத்தார். அவர் யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

இதற்கிடையில் வேறொரு கூத்து. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே, தெருவோரத்தில், பெப்பே என்ற கிழவர் ஆட்டுக்குடலை வெங்காயத்தாளில் சுற்றிக் கரியில் வாட்டி விற்பார். அந்தப் புகை எங்கள் வீட்டு யன்னல் இடுக்கால் நுழையும். இறைச்சிப் புகை, உள்ளே பால் சேர்ந்த மாவு. லோசோ அண்ணை விறுவிறென்று இறங்கிப் போய், மரியாதையாகக் குரலைத் தாழ்த்தி, "பெப்பே, அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வைப்பீங்களோ? மேலை ஓய்வு கொள்ளுது" என்றார். இந்த ஊர் மொழியிலும் ஓய்வு என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று படுக்கையில், மற்றது கல்லறையில்.

பெப்பே தொப்பியைக் கழற்றினார். "கனநாளாச் சுகமில்லையோ?"

"லோ சோ."

"வயது போன ஆளோ?"

"லோ சோ."

பெப்பே சிலுவை போட்டுக்கொண்டு கரியில் தண்ணீரை ஊற்றினார். ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தையே நிறுத்திவிட்டார் என்றால் பாருங்கள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது, அயலவர்தான் சமைத்துக் கொடுக்கவேண்டும் என்பது இந்த ஊரிலும் உண்டு. பின்னேரம் கதவைத் திறந்தால், பெப்பேயும் மரக்கறிக்காரியும் அடுத்த வீட்டுக் குடும்பமும் படி முழுக்க நிற்கிறார்கள். ஆளாளுக்குக் கையில் தட்டு. பெப்பேயின் தட்டில் வாட்டிய ஆட்டுக்குடல் மலைபோல.

லோசோ அண்ணை இரண்டு கையையும் விரித்துக் கதவை மறித்தார். "இறைச்சி உள்ளை வரக்கூடாது. இஞ்சை பால் கிடக்குது."

அவர்கள் அதையும் எங்கள் சமயத்துத் துக்க முறை என்று எடுத்துக்கொண்டு, தட்டுகளைப் படியிலேயே வைத்தார்கள். ஆனால் பெப்பே விடவில்லை. கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கவேண்டும் என்றார். நான் உள்ளதைச் சொல்ல வாய் திறப்பதற்குள் லோசோ அண்ணை அவரைக் கையைப் பிடித்துக் குசினிக்கு அழைத்துப் போய், பிரிட்ஜைத் திறந்து, வெள்ளைத் துணியை மெல்ல விலக்கினார்.

பெப்பே தொப்பியை நெஞ்சோடு பிடித்தபடி குனிந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். ஒரு விரலால் தொட்டும் பார்த்தார்.

"வெண்ணெய் கூடிப்போச்சு" என்றார்.

"லோ சோ" என்றார் இவர்.

அன்றைக்கு எல்லாரும் படிக்கட்டில் இருந்து ஆட்டுக்குடலும் எங்கள் இறைச்சிக் கறியும் சாப்பிட்டோம். செத்தவீடு இல்லை என்று தெரிந்த பிறகும் ஒருவரும் எழும்பிப் போகவில்லை. மாவு மட்டும் உள்ளே தனியாக ஓய்வெடுத்தது.

அந்த மாவில் சுட்ட ருகெலாக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகலப் பக்கத்திலிருந்து சுருட்டச் சொன்னதை இவர் நுனியிலிருந்து சுருட்டினார். ஓவனிலிருந்து வெளியே வந்தபோது ஒவ்வொன்றும் நாதஸ்வரத்தின் வாய்போல விரிந்து நின்றது. அடுத்த தடவை வெண்ணெயைக் குறைத்தார். அது கல். அந்தோனி அவற்றை மத்தியானச் சாப்பாட்டுக்குச் சியாகுல்லிக்குக் கொண்டுபோனான். ஒரு காகம் வந்து கொத்திப் பார்த்துவிட்டு மண்டரின் பழத்துக்கே திரும்பிப் போனதாம். ஒன்றைப் பழம் பறிக்கிற ஏணியின் கால் ஆடாமல் இருக்க அடியில் வைத்தார்கள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது என்று அந்தோனி மாதாவின் மேல் சத்தியம் செய்கிறான். அதற்கடுத்த தடவை ஜாம் முழுக்க வழிந்து, கரிந்து, ஓவனே புகைந்தது. கீழே நின்ற பெப்பே மேலே பார்த்துக் கத்தினார்: "இப்ப ஆர் புகை போடுறது?"

நான் ஒரு வீடியோவை எடுத்துக் காட்டினேன். அரைக்கண்ணால் பார்த்தார். "அந்த மனிசி பிழையாச் செய்யுது" என்று எழும்பிப் போனார். ஆனால் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "மகளுக்கு இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, தம்பி" என்றார், நான் ஒன்றும் கேட்காமலே. கறியை அவர் பக்கம் தள்ளி வைத்தேன்.

அக்கா ராக்கேல் வந்து இறங்கினார். எஸ்தர், ராக்கேல் என்ற பெயர்களைக் கேட்ட அந்தோனி, பழைய ஏற்பாடே படியேறி வருவதாகச் சொன்னான். லிப்ட் வேலை செய்யவில்லை. பெட்டியை நான்தான் மூன்றாம் மாடிக்குச் சுமந்தேன். ஆள் நிமிர்ந்த உடம்பு, கறுப்புக் கையுறை, கத்தி மாதிரிக் கண். கூடத்தில் தூசி இருக்கிறதா என்று பார்த்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார். பெட்டியை வைத்துவிட்டு நழுவப் போன என்னை, "நீங்கள் நில்லுங்கோ, கதிரை இழுக்க ஆள் வேணும்" என்று மறித்தார். பிறகு தங்கையிடம், "சுட்டு வைச்சதை நான் சாப்பிடமாட்டன். நீ சுடுறதைப் பாக்க வேணும்" என்றார்.

சிஞ்ஞோரா எஸ்தர் மேசையைப் பிடித்துக்கொண்டார். "மாவு குழைக்கிறது மட்டும் லோசோ" என்றார் மெல்லிய குரலில். "மிச்சம் நான்தான்."

குசினியில் அக்கா நீதிபதிபோலக் கதிரையில் இருந்தார். லோசோ அண்ணை முன்னரே ஓய்வு கொடுத்து வைத்திருந்த மாவை எடுத்துத் தட்ட ஆரம்பித்தார்.

"உருட்டுக்கட்டையை அப்பிடிப் பிடிக்கிறதில்லை" என்றார் அக்கா.

"லோ சோ" என்றார் இவர். அப்படியே பிடித்தார்.

"நடுவிலையிருந்து வெளியாலை தட்ட வேணும்."

"லோ சோ." வெளியிலிருந்து உள்ளே தட்டினார்.

"வட்டம். வட்டம் எண்டால் தெரியுமோ?"

"லோ சோ." மாவு சிசிலித் தீவின் வடிவத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அக்காவின் முகம் சிவந்தது. தன் வாழ்நாளில் எல்லாருக்கும் எல்லாம் சொல்லிக்கொடுத்து வந்த மனுஷி அவர். சொல்வதை மறுக்கிற ஆளை அவர் வென்றுவிடுவார். ஒத்துக்கொண்டே பிழையாகச் செய்கிற ஆளை எப்படி வெல்வது? தங்கை கை வைக்குமுன்னே இவர் ஜாமையும் பூசி வெட்டத் தொடங்கிவிட்டார்; ஜாம் கூட என்றார் அக்கா, லோ சோ. நுனியிலிருந்து சுருட்டாதே என்றார், லோ சோ. நாதஸ்வரம் ஒன்று உருவாகத் தொடங்கியதுதான் தாமதம், அக்கா எழும்பி, கையுறையைக் கழற்றி எறிந்து, "தள்ளு அங்காலை" என்று இவரை ஒரு இடி இடித்துவிட்டு மேசைக்கு முன்னால் நின்றார்.

கையுறை இல்லாத அந்தக் கைகளை அப்போதுதான் நாங்கள் பார்த்தோம். தங்கையின் விரல்களைவிட மோசம். கணுக்கணுவாக வீங்கி, ஒரு பக்கமாக வளைந்து கிடந்தன. ஒரு முக்கோணத்தை எடுத்துச் சுருட்டப் பார்த்தார். விரல் மடியவில்லை. மாவு கிழிந்தது. இன்னொன்றை எடுத்தார். அது பாதியில் கையிலிருந்து விழுந்தது.

ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்காத லோசோ அண்ணை, தொட்டிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களைத் திரும்பக் கழுவ ஆரம்பித்தார்.

"ராக்கேல்" என்றார் தங்கை. "உன்ரை கை."

"குளிர்" என்றார் அக்கா. நெற்றியில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது.

"பெருநாளுக்குப் பெருநாள் நீ சுட்டு அனுப்புற ருகெலாக்?"

அக்கா யன்னல் பக்கம் பார்த்தார். "எங்கடை தெருமூலையிலை ஒரு கடை இருக்கு" என்றார். "நல்ல கடை."

சிஞ்ஞோரா எஸ்தர் முதலில் வாயைப் பொத்தினார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் தண்ணீர் எடுக்க ஓடினேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். "அதைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு, அக்காவுக்கு இன்னும் கை ஓடுதே எண்டு எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமோ" என்றார். அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்தது குதிரை கனைப்பதுபோல இருந்தது. இரண்டு பேரும் மாவுக் கையோடு ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரிப்பு அடங்கின பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார்: "அங்கை எனக்கு ஒரு ஆளும் இல்லை, எஸ்தர். சட்டைத் தெறி பூட்ட அரைமணி நேரம் போகுது. அதுதான் உன்னை வரச் சொன்னனான். உனக்காண்டி இல்லை."

"அதுக்கு நீ இஞ்சை வரலாமே."

"இந்த வெய்யிலுக்கையோ?"

"பல்கனியிலை காத்து வரும்."

அக்கா பல்கனிப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு தொட்டியடியில் நின்ற முதுகைப் பார்த்துக் கேட்டார்: "ஏய், உனக்கு ரெண்டு கிழவியளைப் பாக்கத் தெரியுமோ?"

லோசோ அண்ணை திரும்பினார். கையில் சவர்க்கார நுரை. கண் கலங்கியிருந்தது, அதை அவர் துடைக்கவில்லை, துடைத்தால் தெரிந்துவிடும் என்று.

"லோ சோ" என்றார். அந்த ஒருமுறை அங்கே யாரும் சந்தேகப்படவில்லை.

மிச்ச மாவை நாங்கள் நால்வரும் சேர்ந்து சுட்டோம். அக்கா அதிகாரம், தங்கை ஜாம், நான் கத்தி, சுருட்டல் அவரும் நானும். தட்டில் வந்ததில் சில விரிந்திருந்தன, சில ஒன்றோடொன்று ஒட்டி இரட்டைப்பிள்ளையாக இருந்தன. பிறை வடிவத்தில் ஒழுங்காக வந்தவையும் இருந்தன. அவற்றை யார் சுருட்டியது என்று சண்டை வந்தது. மேலே மொறுமொறுப்பு, உள்ளே மெது, வால்நட்டும் கறுவாவும் அடிநாக்கில் நின்றன. அக்கா இரண்டாவதை எடுக்கும்போது, "கடையிலை வாங்கிறதைவிட மோசம்" என்றார். மூன்றாவதையும் எடுத்தார்.

ராக்கேல் அம்மா வடக்கே போய் வீட்டைப் பூட்டிவிட்டு, பெரிய பெட்டிகளோடு திரும்பி வந்தார். அவற்றையும் நான்தான் சுமந்தேன். இது நடந்து சில வருடங்கள். என் மனைவி வந்துவிட்டாள், நாங்கள் வேறு வீடு போனோம், எனக்கு வேலையும் வேறு இடம். லோசோ அண்ணையின் மகள் படிப்பை முடித்துவிட்டாள். அவர் இன்னும் அந்த மூன்றாம் மாடியில்தான். ருகெலாக் கண்டுபிடிக்கப்பட்ட விதத்தை யூதப் பெண்மணிகள் இருவருக்கும் அவர் விளக்கிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து வரும்போது அந்தக் கட்டடத்தின் கீழே கொஞ்சம் நிற்பேன். பல்கனிக் கதவு திறந்திருக்கும். கறுவா வாசம் தெருவுக்கு இறங்கி வரும். மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதைப்பது கேட்கும், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்பதாகத் தெரியாது. ஏறிப் போனால் சாப்பிட வைக்காமல் விடமாட்டார்கள் என்பதால் பல நாள் ஏறாமலே நடந்துவிடுவேன். என் வீட்டுக்கு அது வழியில்லை. பஸ் பிடிப்பது எதிர்த் திசையில்.